இடுப்பு பிடித்துக்கொண்டால் உடனே படுத்துவிடாதீர்கள்

பல்லடம் பக்கம் எங்கள் வீட்டில் நான்கு தறி ஓடியது. ஒரு நாள் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கக் குடத்தைத் தூக்கிய அம்மா, குனிந்தது குனிந்தபடியே நின்றுவிட்டார். நிமிர முடியவில்லை. அப்பா கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கட்டிலில் படுக்கவைத்தார். "எலும்பு தேஞ்சிருக்கும், அசையாதீங்க அக்கா" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மூன்று வாரம் அம்மா எழவே இல்லை. எழுந்தபோது இடுப்பு வலியும் போகவில்லை, காலில் இருந்த தெம்பும் போயிருந்தது. பழையபடி தறிக்கு வர நான்கு மாதம் ஆனது.

அந்த மூன்று வாரப் படுக்கை எங்கள் தவறு. வலி தாங்க முடியாத முதல் ஓரிரு நாள் ஓய்வெடுக்கலாம். அதற்கு மேல் படுத்தே கிடந்தால் முதுகைத் தாங்கும் தசைகள் வேகமாக மெலியும், வலி நீளும். திடீரென்று வரும் இடுப்பு வலி பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும். வீட்டுக்குள் நடப்பது, சின்னச் சின்ன வேலை செய்வது, இதுதான் அதைக் குறைக்கும். நடக்கும்போது கொஞ்சம் வலித்தாலே உள்ளே ஏதோ கிழிகிறது என்று பயப்பட வேண்டாம்.

இரண்டாவது தவறு, குடத்தின் மேல் பழி போட்டது. தறிக்காரர் நாள் முழுக்க எப்படி நிற்கிறார் என்று பாருங்கள். தார் (குறுக்கே ஓடும் நூல் சுற்றிய குச்சி) தீர்ந்தால் குனிய வேண்டும், இழை அறுந்தால் பாவுக்கு (நீளவாக்கில் கட்டிய நூலுக்கு) மேல் சாய்ந்து முடிச்சுப் போட வேண்டும். அரைக் குனிவில் போகிற நேரம்தான் அதிகம். திருப்பூரில் ஓவர்லாக் மிஷினில் துணியின் ஓரம் அடிப்பவரும் அப்படித்தான். சாய்மானம் இல்லாத ஸ்டூல், முன்னால் வளைந்த கழுத்து, பெடலில் ஒரு கால், பீஸ் ரேட் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி) என்பதால் எழுந்திருக்க மனசு வராத ஒன்றரை ஷிப்டு. ஒரே நிலையில் நெடுநேரம் இருந்து தசையும் தசைநாரும் களைத்துப்போன இடுப்பில்தான் கடைசியாகக் குடம் வந்து சேர்கிறது. நாமக்கல் லாரி ஓட்டுநருக்கு உட்கார்வதோடு வண்டியின் அதிர்வும் சேர்ந்துகொள்கிறது.

சரி, வேலையை விடவா முடியும்? முடியாது. ஆனால் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நிற்கலாம். டைலராக இருக்கும் என் சித்தி, பாபின் தீரும்போதெல்லாம் எழுந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துப் பின்னால் வளைந்துவிட்டுத்தான் அடுத்த பாபினைப் போடுவார். பத்து விநாடிதான் ஆகும். தீவன மூட்டையைத் தூக்குகிறவர்கள், அதை உடம்போடு ஒட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கித் தூக்குங்கள். முக்கியமாக, சுமையோடு இடுப்பைத் திருகாதீர்கள். காலை நகர்த்தித் திரும்புங்கள்.

அப்புறம் ஸ்கேன். வலி வந்த முதல் வாரமே எம்.ஆர்.ஐ. எடுத்து, 'டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு) விலகியிருக்கிறது' என்று படித்துவிட்டு, 'ஜவ்வு போயிருச்சு, இனி வேலையே செய்யக்கூடாது' என்று ஒடுங்கிப்போனவர்களை எங்கள் ஊரிலேயே நிறையப் பார்த்திருக்கிறேன். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 20 வயதுக்காரர்களிலேயே 37 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது, 80 வயதில் 96 விழுக்காடு. முடி நரைப்பது போலத்தான் இதுவும். பத்தில் ஒன்பது இடுப்பு வலிக்கு இந்த எலும்பு, இந்த ஜவ்வு என்று விரல் வைத்துக் காட்டவே முடியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் 'ஒரு செட் மாத்திரை' எனக்கு மிகவும் கவலை தருகிறது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். பேர் தெரியாமல் பிரித்துக் கொடுக்கும் மாத்திரையில் ஸ்டீராய்டு இருப்பதும் உண்டு. இடுப்பு பெல்ட்டை வருடக்கணக்கில் கட்டிக்கொள்வதாலும் பயனில்லை.

எல்லா வலியையும் 'வாயுப் பிடிப்பு' என்று தேய்த்துவிடுவதும் தவறுதான். விலாவுக்குக் கீழே ஒரு பக்கம் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கி, எப்படிப் புரண்டாலும் அடங்காத வலி சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். நாற்பதைத் தாண்டாத பையனுக்கு விடிகாலையில் முதுகு இறுகி, எழுந்து வேலை செய்யச் செய்ய வலி குறைகிறதா? அவனைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். அது முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சி நோயாக இருக்கலாம், மூட்டு வாத மருத்துவரிடம் காட்டுங்கள். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரியில் கூடும் வலி இருந்தால் எலும்புக் காசநோயையோ புற்றுநோயையோ சந்தேகித்துப் பார்க்க வேண்டும். வழுக்கி லேசாகத்தான் விழுந்தார் என்றாலும் அம்முச்சியின் (பாட்டியின்) முதுகு வலியை விட்டுவிடாதீர்கள். எலும்பு வலுவிழந்தவர்களுக்கு அந்தச் சின்ன விழுதலிலேயே முள்ளெலும்பு நொறுங்கலாம்.

ஒன்று மட்டும் சில மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டிய விஷயம். இடுப்பு வலியோடு திடீரென்று சிறுநீர் வராமல் நின்றுபோனால், அல்லது சிறுநீரோ மலமோ தன்னை அறியாமல் வெளியேறினால், சைக்கிள் சீட் படுகிற இடம் மரத்துப்போனால், கால் விழுந்துபோனால், தண்டுவடத்துக்குக் கீழே இறங்கும் நரம்புக்கற்றை நசுங்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.