அலமாரி மேலிருந்து இறங்கும் ரிமோட் கார்: மறுபடி தொடங்கும்போது நான் செய்த தவறுகள்

2024 ஜனவரியில் பெலால் புயல் வந்த அன்று, மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதக்கும் படங்கள் போனுக்கு வந்துகொண்டே இருந்தன. நாங்கள் காத்ர் போர்னில் வீட்டுக்குள் அடைபட்டிருந்தோம். கூரை ஒழுகியதால் அலமாரி மேலிருந்து அவசரமாக இறக்கிய அட்டைப்பெட்டிகளில் ஒன்றில் என் தமியா ஹார்னெட் ரிமோட் கார் இருந்தது. ஏழு வருடமாகத் தொடாத வண்டி.

"அப்பா, இது ஓடுமா?" என்றாள் மகள்.

"ஓடாம என்ன" என்றேன். ஓட ஐந்து மாதம் ஆயிற்று. அதில் நாலரை மாதம் நானே இழுத்துவிட்டுக்கொண்டது.

ஆர்வம் போய்விட்டது என்று அத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால், கடைசியாக வண்டியை மூட்டைகட்டிய நாளில் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கை ஒன்று உடைந்திருந்தது. பேட்டரி சரியாக நிற்கவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த காலி மனையில் வீடு எழும்பிவிட்டது. இந்த மூன்றையும் சரிசெய்யச் சோம்பல்பட்டு, பழியை மனசின் மேல் போட்டிருக்கிறேன். உங்கள் வண்டியும் ஏதாவது ஒரு பரணில் இருந்தால், அதைக் கட்டிவைத்த நாளில் என்ன உடைந்திருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

பெட்டியைத் திறக்கும் முன் கடையைத் திறப்பது

அன்றிரவே ஹார்னெட்டை ஓரமாக வைத்துவிட்டுப் புது வண்டிகளைப் பார்க்க உட்கார்ந்தேன். பிரஷ்லெஸ் மோட்டார், நாலு சக்கர இயக்கம், நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு அளவு. நாம் விட்டுப்போன காலத்தில் எல்லாம் மாறிவிட்டது, இந்தப் பழசை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கட்டாயம் தோன்றும். தோன்றினால் இரண்டு வாரம் பொறுங்கள். ஹார்னெட் 1984-இல் வந்த வண்டி. தமியா கம்பெனியே 2004-இல் அதை மறுபடி வெளியிட்டது, என்னுடையது அந்த மறுபதிப்புதான். அதற்குப் பல்சக்கரமும் டயரும் சஸ்பென்ஷன் கையும் இன்றும் கிடைக்கின்றன. உங்கள் வண்டி பெயர் தெரிந்த கம்பெனியுடையது என்றால் முதலில் உதிரிபாகத்தைத் தேடுங்கள். சின்ன பிளாஸ்டிக் துண்டு ஒன்றோடு வேலை முடிந்தாலும் முடியும்.

நான் பொறுக்கவில்லை. புது வண்டி வந்தது, பேட்டரி வரவில்லை. லித்தியம் பேட்டரியைத் தனியாகப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக்கூடாது என்பது 2016 முதல் உலகம் முழுக்க உள்ள விதி. தீவில் இருப்பவர்களுக்கு இதன் அர்த்தம் காத்திருப்புதான். ஊரிலிருந்து வருபவர்களிடம் சொல்லி அனுப்புவதென்றால் விவரமாகச் சொல்லுங்கள்: உதிரி லித்தியம் பேட்டரி செக்-இன் பெட்டிக்குள் போகவே கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். முனைகளில் டேப் ஒட்டியிருக்க வேண்டும். பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 7.4 வோல்ட், 5000 எம்ஏஎச் பேட்டரி பேக் 37 வாட்-மணிதான், ஆகவே அளவால் தடை இல்லை. இருந்தாலும் விமானக் கம்பெனியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். என் சித்தப்பா அதை மாவடுப் பாட்டிலோடு பெரிய பெட்டிக்குள் வைத்து, விமான நிலையத்தில் எல்லாவற்றையும் திறந்து காட்டிவிட்டுப் பேட்டரியில்லாமல் வந்து சேர்ந்தார். மாவடு நன்றாக இருந்தது.

பழைய பேட்டரியை அப்படியே சார்ஜில் மாட்டுவது

இதில் மட்டும் அவசரமே வேண்டாம். மற்ற தவறுகளால் பணம் போகும், இதில் வீடு தீப்பிடிக்கலாம்.

என் பெட்டியில் இரண்டு பேட்டரிகள் இருந்தன. ஒன்று லைப்போ, அதாவது லித்தியம் பாலிமர் வகை. பூரி மாதிரி உப்பியிருந்தது. கடைசியாக ஓட்டிய வாரம், "அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும்" என்று முழுசாகச் சார்ஜ் ஏற்றி வைத்தது நினைவிருக்கிறது. அந்த ஞாயிறு ஏழு வருடம் வரவில்லை. லைப்போ செல் ஒன்று முழுக்க ஏறினால் 4.2 வோல்ட். அந்த நிலையில் நாள்கணக்கில், அதுவும் நம் ஊர் வெக்கையில் வைத்தால், உள்ளே இருக்கும் வேதிப்பொருள் சிதைந்து வாயு உண்டாகும். உப்பல் அதனால்தான். உப்பிய லைப்போவைச் சார்ஜ் செய்யாதீர்கள், அழுத்தாதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். தீப்பிடிக்காத பாத்திரத்தில் போட்டு வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்துவிட்டு, பழைய பேட்டரி வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். உப்பாமல் இருந்தாலும், செல் ஒன்று 3 வோல்ட்டுக்கு ரொம்பக் கீழே இறங்கிக் கிடந்திருந்தால் அதற்கும் அதே கதிதான்.

இன்னொன்று நிக்கல் வகை, ஆறு செல், 7.2 வோல்ட். இதற்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம். வேகச் சார்ஜரில் போடாமல், கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில், அதாவது 3000 எம்ஏஎச் பேக் என்றால் 300 மில்லி ஆம்பியரில், 14 முதல் 16 மணி நேரம் கண் பார்வையில் ஏற்றுங்கள். ஓட்டி இறக்கி மறுபடி ஏற்றுங்கள். மூன்று நான்கு சுற்றில் ஓரளவு உயிர் வரும். என்னுடையது வந்தது. பழைய நிமிடங்களில் பாதிதான், ஆனால் மகளுக்கு அது போதுமாக இருந்தது.

புது லைப்போ வாங்கினால் இரண்டு விஷயம். ஓட்டி முடித்ததும் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிடுங்கள், இப்போதைய சார்ஜர்களில் 'ஸ்டோரேஜ்' என்று ஒரு பட்டனே இருக்கிறது. இரண்டாவது, பழைய வண்டிகளின் இஎஸ்சி, அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் சின்னப் பெட்டி, நிக்கல் பேட்டரி காலத்தில் செய்தது. பேட்டரி இறங்கினால் தானாக நிறுத்தும் வசதி பலவற்றில் கிடையாது. வண்டி மெதுவாகும்வரை ஓட்டினால் லைப்போ செத்துவிடும். பேட்டரியின் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளக்க உதவும் பேலன்ஸ் வயரில் மாட்டும் அலாரம் ஒன்று போதும், கீச்சுக் கீச்சென்று காதைக் கிழிக்கும்.

டிரான்ஸ்மிட்டருக்குள், அதாவது கையில் பிடிக்கும் ரிமோட்டுக்குள், நீங்கள் எடுக்க மறந்த பென்சில் செல்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அலைவரிசைக்குக் கிரிஸ்டல் போட்ட பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் செட் என்றால் ஒரு பழக்கத்தை மறக்கக் கூடாது: முதலில் டிரான்ஸ்மிட்டரைப் போட்டு அப்புறம் வண்டி, அணைக்கும்போது முதலில் வண்டி. மாற்றிச் செய்து, வண்டி தானாகப் பாய்ந்து சுவரில் மோதியதை நான் பார்த்திருக்கிறேன். சுவர் என்னுடையதுதான்.

முழுசாகப் பிரித்துப் போடுவது

சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, கடைசித் திருகு வரை கழற்றினேன். திருகுகளை வகைவகையாகப் போட இட்லித் தட்டு எடுத்தேன். குழிகள் அதற்கென்றே செய்தது மாதிரி இருந்தன. இரண்டு மாதம் நாங்கள் தோசைதான் சாப்பிட்டோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மேசையைப் பார்க்கும்போது ஓட்ட வேண்டும் என்ற ஆசை வரவில்லை, இன்னும் எவ்வளவு வேலை பாக்கி என்ற அலுப்புதான் வந்தது. கடைசியில் மனைவி, "ஒண்ணு வண்டியை மாட்டுங்க, இல்ல தட்டைக் குடுங்க" என்றாள்.

முதல் நாள் அரை மணி வேலை போதும். சக்கரங்களைக் கையால் சுற்றிப் பாருங்கள், நறநறவென்றால் அந்த இடத்துப் பேரிங்கை மட்டும் மாற்றுங்கள். ஸ்டியரிங் இரண்டு பக்கமும் தடையில்லாமல் திரும்புகிறதா? வயர் முனைகள் பச்சை பிடித்திருக்கின்றனவா? எங்கள் மேட்டுப் பகுதி ஈரத்தில் அது சீக்கிரம் பிடிக்கும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருந்தாலும் முதல் ஓட்டத்துக்குக் கேடில்லை. பிறகு ஊற்றும்போது சிலிக்கான் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், வீட்டில் இருக்கும் மிஷின் எண்ணெய் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை ஊதவைத்துவிடும்.

டயரை மட்டும் விடாதீர்கள். வருடக்கணக்கில் கிடந்த ரப்பர் கல்லாகிவிடும். நகம் இறங்காத டயரோடு ஓட்டினால் வண்டி ஒவ்வொரு திருப்பத்திலும் பம்பரமாகச் சுழலும். நமக்குக் கை மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து வண்டியை மறுபடி பெட்டியில் வைத்துவிடுவோம். புது டயர் போட்ட பிறகு என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தது.

பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு சூட்சுமம். பிளாஸ்டிக்கில் திருகை மறுபடி இறக்கும்போது முதலில் எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். 'டக்' என்று பழைய மரையில் விழும், அப்புறம் முடுக்குங்கள். நேராக முடுக்கினால் புது மரை வெட்டிக்கொண்டு துளை பெரிதாகிவிடும். ஜப்பானிய வண்டிகளின் பிளஸ் திருகுகள் ஜேஐஎஸ் என்ற அளவு, சாதாரண பிளஸ் ஸ்க்ரூடிரைவர் அவற்றின் தலையைத் தின்றுவிடும். திருகு கழலாமலிருக்கப் போடும் பசை இரும்போடு இரும்பு சேரும் இடத்துக்கு மட்டும், பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும்.

வேகம்

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புது வண்டியின் மோட்டார் 3000 கேவி, அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3000 சுற்று; அதை மூன்று செல் பேக்கில் போட்டால், 11.1 வோல்ட்டில் சுமை இல்லாமல் நிமிடத்துக்கு 33,300 சுற்று. கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். பழக்கம் விட்டுப்போன கைக்கு அது மூன்று நொடி ஓட்டம், பிறகு நடந்துபோய்த் துண்டுகளைப் பொறுக்குவது. சாதாரண வெள்ளி நிற 540 மோட்டாரோடு, தரையில் இரண்டு செருப்பைப் பத்தடி இடைவெளியில் போட்டு, அவற்றைச் சுற்றி எட்டு போட்டுப் பாருங்கள். இடது சுற்று வந்துவிடும், வலது சுற்று எல்லோருக்கும் சொதப்பும். ஒரு பேக் தீர்ந்ததே தெரியாது.

கடற்கரை

மொரீஷியஸில் இருந்துகொண்டு கடற்கரையில் ஓட்டாமல் எங்கே ஓட்டுவது என்றுதான் நானும் நினைத்தேன். ஃபிளிக்-ஆன்-ஃபிளாக் போனேன். பவள மணல் பார்க்கப் பஞ்சு மாதிரி, பல்சக்கரத்துக்குள் போனால் உப்புத்தாள். உப்புக் காற்று வேறு. அதைவிட மோசம் கரையோரச் சவுக்கு மரங்கள், இங்கே ஃபிலாவ் என்பார்கள். அவற்றின் ஊசியிலைகள் அச்சில் சுற்றிச் சுற்றிக் கயிறாகத் திரிந்துவிடும். பத்து நிமிடத்தில் பின்சக்கரம் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்றால் பாய் விரித்துப் பிரியாணி டேக்சாவோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களுக்கு நடுவே ஓட்டுவது, என்னைக் கேட்டால், மரியாதையும் இல்லை. பக்கத்துத் தீவான ரீயூனியனில் எதாங்-சாலே கடற்கரையின் கறுப்பு எரிமலை மணலில் இரும்புச் சத்து உண்டு, அது மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

விடுமுறை நாளில் எபேன் பக்கம் அலுவலகக் கார் நிறுத்துமிடங்கள் காலியாக இருக்கும். காவலாளியிடம் கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் இறக்குங்கள். (எங்கள் காவலாளி இப்போது ஒரு பேக் அவருக்கும் வேண்டும் என்கிறார்.) கரும்புத் தோட்ட ஓரங்களில் வயலிலிருந்து பொறுக்கிக் குவித்த கறுங்கற்கள் மலைபோல இருக்கும். மெதுவாக ஏறும் கிராலர் வகை வண்டிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, ஆனால் தோட்டத்துக்காரர் அனுமதி வேண்டும். நேரத்தையும் பாருங்கள். ஜூன், ஜூலையில் ஆறு மணிக்குள் இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து வந்து ஓட்டலாம் என்று திட்டம் போட்டவர்களின் வண்டி செப்டம்பர் வரை பெட்டியில்தான். சனிக்கிழமைக் காலைதான் தோது. கியூர்பிப் பக்கம் என்றால் தூறல் இருக்கும், பழைய இஎஸ்சியில் தண்ணீர் படக்கூடாது.

கொடுத்துவிட்டுப் பிடுங்குவது

கடைசியாக இது, எனக்கு இன்னும் உறுத்துவது. வண்டி முதன்முதலாக ஓடிய அன்று டிரான்ஸ்மிட்டரை மகளிடம் கொடுத்தேன். இருபது நொடியில் நடைபாதை விளிம்பில் மோதினாள். "குடு, நான் காட்டறேன்" என்று வாங்கினேன். பேக் தீரும்வரை நானே காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் காரில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த இரண்டு வாரம் வரவே இல்லை.

அவளைத் திரும்பக் கூட்டிவந்தவர் பக்கத்து வீட்டுத் தொந்தோன். மாமாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். கரும்பு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், கிரியோல்தான் பேசுவார், தமிழ் என்றால் காவடிப் பாட்டு மட்டும் தெரியும். அவருக்கு வண்டி ஓட்டுவதில் அக்கறை இல்லை. பழைய பிளைவுட்டில் ஒரு சரிவுப் பலகை அடித்து எடுத்துக்கொண்டு வந்தார், அதில் வண்டி பறக்குமா என்று பார்ப்பதற்கு. மகள் ஓட்டினாள், அவர் பலகையை நகர்த்தினார், நான் கவிழ்ந்த வண்டியை நிமிர்த்தப் போகும் ஆளானேன். டிரான்ஸ்மிட்டரில் ஆக்சிலேட்டரின் உச்சத்தைப் பாதியாகக் குறைக்கும் வசதி இருந்தால் பிள்ளைகளிடம் தரும்முன் குறைத்துவிடுங்கள், அதற்கப்புறம் வாயைத் திறக்காதீர்கள். உடைந்தால் உடையட்டும், முன் பம்பர் அதற்குத்தான் இருக்கிறது.

ஹார்னெட் இப்போது அலமாரி மேல் இல்லை. வாசலில் செருப்பு ரேக்கின் கீழ்த்தட்டில், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷோடு இருக்கிறது. லைப்போ மட்டும் தனியாக, மூடியுள்ள இரும்பு டப்பாவில். வீட்டுக்கு வருகிறவர்கள் அது என்ன டப்பா என்று கேட்கிறார்கள், மனைவி என் பக்கம் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.