தெவிட்டல் உந்தத்துக்கு நீங்களே ஒரு எண் போடலாம்

வேலூர், காட்பாடி பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பது இது: குளுவான் (குவார்க்குகளை ஒட்டிவைக்கும் துகள்) தெவிட்டல் பற்றிய கட்டுரைகளில் எல்லாம் தெவிட்டல் உந்தம் என்று வருகிறதே, அது எத்தனை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும். குவார்க், குளுவான் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே போகிறேன்.

ஆற்றல் கூடக்கூட, புரோட்டானின் உந்தத்தில் சிறிய பங்கை மட்டும் சுமக்கும் குளுவான்கள் அதற்குள் பிளந்து பெருகிக்கொண்டே போகும். தீபாவளிக்கு முந்தின நாள் லாங் பஜார் மாதிரி ஒரு கட்டத்தில் இடம் நெருக்கடியாகி, ஒன்றோடொன்று இணைவதும் பிளப்பதும் சமமாகிவிடும். இதுதான் தெவிட்டல். அது தொடங்கும் எல்லையைக் குறிக்கும் உந்தம்தான் தெவிட்டல் உந்தம், அதற்குத்தான் எண் போடப் போகிறோம்.

படி 1: மோதலில் பிறக்கும் துகளின் குறுக்கு உந்தத்தை (கற்றைக்குச் செங்குத்தான உந்தம்) மோதல் ஆற்றலால் வகுத்தால் உந்தப் பங்கு எக்ஸ். குறுக்கு உந்தம் 2 ஜிஇவி (நூறு கோடி எலக்ட்ரான் வோல்ட் கணக்கிலான அலகு) உள்ள துகளுக்கு, புரூக்ஹேவனின் ரிக் முடுக்கியில் (200 ஜிஇவி) 0.01, செர்னின் எல்எச்சி முடுக்கியில் (5020 ஜிஇவி) சுமார் 0.0004.

பின்சேர்க்கை: இது மோதலுக்குக் குறுக்கே வரும் துகளுக்கு மட்டும். முன்னோக்கிப் போகும் துகள் என்றால் எக்ஸ்பொனென்ஷியலில் ராபிடிட்டியை (கற்றையின் திசையில் துகள் எவ்வளவு முன்னோக்கிப் போகிறது என்பதன் அளவு) மைனஸ் குறியோடு போட்டுப் பெருக்குங்கள், அதுதான் எதிரே வரும் அணுக்கருவின் எக்ஸ். ராபிடிட்டி 3 என்றால் ரிக்கிலேயே 0.0005 வந்துவிடும்! 2004இல் ரிக்கின் பிராம்ஸ் ஆய்வுக் குழு டியூட்ரான்-தங்கம் மோதலில் முன்பக்கத் துகள்கள் குறைவதைக் காட்டியபோது எல்லோரும் தெவிட்டலை நினைத்தது இதனால்தான்.

படி 2: இயற்பியலாளர்கள் கோலெக்-பியர்நாட், வூஸ்டாஃப் இருவரும் 1998இல் தந்த சூத்திரம். 0.000304ஐ எக்ஸால் வகுத்து, 0.288 அடுக்குக்கு உயர்த்துங்கள். புரோட்டானின் தெவிட்டல் உந்தத்தின் வர்க்கம் ஜிஇவி வர்க்கத்தில் கிடைக்கும்: ரிக்கில் 0.37, எல்எச்சியில் 0.92க்குச் சற்று மேல்.

படி 3: அணுக்கரு என்றால் நிறை எண்ணின் கனமூலத்தால் பெருக்குங்கள். தங்கத்துக்கு 5.8, ஈயத்துக்கு 5.9. தடிமனுக்கான தோராயம்தான் இது, ஓரத்தில் குறையும்.

படி 4: இங்கேதான் பலரும் சறுக்குவது, அவசரப்படாதீர்கள். இருமுனையின் (ஒரு குவார்க்-எதிர்குவார்க் ஜோடி) நீளத்தின் வர்க்கத்தைத் தெவிட்டல் உந்த வர்க்கத்தால் பெருக்கி 4ஆல் வகுத்து, அதன் மைனஸ் எக்ஸ்பொனென்ஷியலை 1இலிருந்து கழித்தால் சிதறல் வீச்சு, அதாவது அந்த ஜோடி இலக்கில் எவ்வளவு வலுவாகச் சிதறும் என்ற அளவு. நீளத்தை ஃபெர்மியில் (அணுக்கரு அளவிலான நீள அலகு) அப்படியே போடக்கூடாது, ஜிஇவியின் தலைகீழ் அலகுக்கு மாற்ற முதலில் 0.1973ஆல் வகுக்க வேண்டும். 0.2 ஃபெர்மிக்கு ரிக் புரோட்டானில் 0.09 வர வேண்டும், வகுக்காமல் விட்டால் 0.004 வரும். பைத்தான் எந்தப் பிழையும் காட்டாது, வரைபடமும் அழகாகவே இருக்கும்! அதே நீளத்துக்குத் தங்கத்தில் 0.42.

கருவி என்றால் என் ஓட்டு கோலாப் (கூகுளின் இணையவழிப் பைத்தான் தளம்), நம்பை (பைத்தானின் எண் கணக்குத் தொகுப்பு) இரண்டுக்கும்தான். எக்செல் வேண்டாம், அலகுப் பிழை செல்லுக்குள் ஒளிந்துகொள்ளும்.

படி 5: உருவாகும் துகள்களின் எண்ணிக்கை ஏறத்தாழ தெவிட்டல் உந்த வர்க்கத்தோடு சேர்ந்தே வளரும். அப்படியானால் மோதல் ஆற்றலின் வர்க்கத்துக்கு அடுக்கு 0.288இல் பாதி, அதாவது 0.144. அணுக்கருக்கள் நேருக்கு நேர் முட்டும் மைய மோதல்களில் எல்எச்சியின் ஆலிஸ் ஆய்வுக் குழு அளந்தது 0.155. இவ்வளவு எளிய கணக்குக்கு இது மிக நெருக்கம். அடுத்ததாக வலுவிசையின் இணைப்பு மாறிலி உந்தத்தோடு மாறுவதைச் சேர்த்துப் பாருங்கள்.