மழைக்காலத்துக்கு முன் ஏரியேட்டரைக் கரையேற்றிக் காக்கும் முறை

பழவேற்காடு ஏரியை ஒட்டி, ஆரம்பாக்கம் முதல் ஆந்திர எல்லைக்கு அப்பால் தடா, சூலூர்பேட்டை வரையுள்ள இறால் பண்ணைகளில், ஐப்பசி மழைக்கு முன் பிடிப்பை முடித்துக் குட்டையைக் காயவிடுவோர் பலர். குட்டை நீரில் காற்றைக் கலக்கும் துடுப்புச் சக்கர ஏரியேட்டர்கள் அப்போது கரையேறி, அடுத்த குஞ்சு விடும் வரை மாதக் கணக்கில் சும்மா கிடக்கின்றன. நூறு நாளுக்கு மேல் உப்புநீரில் ஓடியபோது வராத கேடு, இப்படிக் கிடக்கும் மாதங்களில்தான் வருகிறது என்பது என் அனுபவம். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால், இரும்பின் மேல் படிந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். ஆகவே உப்பைக் கழுவாமல் கொட்டகையில் வைத்த ஏரியேட்டர், ஒரு துளி மழை படாவிட்டாலும் மழைக்காலம் முழுவதும் ஈரத்திலேயே இருக்கிறது.

குட்டையில் இறால் உள்ளவரை எதையும் கழற்றக் கூடாது. நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவது விடியலுக்குச் சற்று முன்பு என்பதால், பிடிப்புக்கு முந்தைய இரவிலும் ஏரியேட்டர் ஓடியாக வேண்டும். பிடிப்பு முடிந்த பின், நீரில் ஒருவர் கால் வைப்பதற்கு முன்னரே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். ஸ்டார்ட்டரை அணைப்பது போதாது. மெயின் சுவிட்சை இறக்கி, மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி, நீரில் இறங்குபவரே அவற்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பண்ணையில் ஒருமுறை மின்வாரிய இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு ஜெனரேட்டரை மறந்துவிட்டோம். கரண்டு போய்விட்டதென்று எண்ணிய காவலாளி அதை ஓட்டிவிட்டார். நீரில் அப்போது யாரும் இல்லாததால் ஓர் உயிர் தப்பியது. அன்றிலிருந்து ஜெனரேட்டரையும் பூட்டி, சாவியை எடுத்த பிறகே வேலை தொடங்குகிறோம். வேலையாட்களில் இரு மொழியினரும் இருப்பதால், ‘ஆள் நீரில் இருக்கிறார், சுவிட்சைத் தொடாதீர்’ என்ற பலகையைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதித் தொங்கவிட்டிருக்கிறோம்.

தூக்கும்போது சட்டத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும். துடுப்பையோ, அதைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட்டையோ, கேபிளையோ பிடித்து இழுத்தால் ஷாஃப்ட் வளையும், கியர் பாக்ஸில் எண்ணெய் கசியாமலும் நீர் புகாமலும் காக்கும் ஆயில் சீல் கிழியும். மிதவையில் ஒட்டிய கொட்டலசை (ஓடுள்ள சிறு கடலுயிரி) ஈரம் காயும் முன்பே மரத்துண்டால் சுரண்டி எடுக்க வேண்டும். நோய்க்கிருமி ஒழிய பிளீச்சிங் கரைசலில் கழுவுவது நல்லதே, குறிப்பாக இறாலைத் தாக்கும் வைரஸ் நோயான வெள்ளைப்புள்ளி நோய் கண்ட குட்டையானால் கட்டாயம். ஆனால் குளோரின் துருப்பிடிக்காத எஃகையும் அரிக்கும் என்பதால், உடனே நல்ல நீரால் பலமுறை அலசிவிட வேண்டும். இக்கரையில் போர்வெல் நீரே பல இடங்களில் உப்பு. குட்டை நீரின் உப்பை அளக்கும் கருவி பண்ணையில் இருக்குமே, அதில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுக் கழுவுங்கள். உப்பானால் லாரித் தண்ணீர் வாங்கும் செலவுக்குத் தயங்க வேண்டாம். மோட்டாரின் மேல் நீரைப் பீய்ச்சாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

கியர் பாக்ஸ் எண்ணெயை வடிக்கும்போது அதன் நிறத்தைப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் ஆயில் சீல் வழியே நீர் புகுந்திருக்கிறது; சீலை மாற்றாமல் புது எண்ணெய் ஊற்றுவது வீண். மாற்றிய பின், தயாரிப்பாளர் குறிப்பிட்ட எண்ணெயைக் குறியீட்டு அளவுவரை நிரப்பியே சேமிக்க வேண்டும். காலியாக விட்ட பெட்டியின் பற்கள் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். பழைய எண்ணெயை வாய்க்காலில் ஊற்றாதீர்கள், அது ஏரிக்குத்தான் போய்ச்சேரும்.

மோட்டாரை ஸ்டார்ட்டரிலிருந்து கழற்றி, 500 வோல்ட் மெக்கரால் சுருளுக்கும் உடலுக்கும் இடையிலான மின்காப்பை எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளக்கச் செய்ய வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி மறுபடி அளக்கலாம்; அப்போதும் ஏறாவிட்டால் சுருளை மாற்றுவதே பாதுகாப்பு. எலி கடித்த கேபிளை டேப் சுற்றி மறுபடி நீரில் போடுவதை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது.

வைக்கும் இடம் உயரமாக இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது உங்கள் கொட்டகையில் நீர் எதுவரை ஏறியதோ, அதற்கு மேலே பலகை அடித்து வையுங்கள். பிளீச்சிங் பவுடர் மூட்டை அதே அறையில் இருக்கவே கூடாது. மோட்டாரை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டினால் உள்ளே வியர்த்து நீர் கோக்கும். அடிப்பக்கம் திறந்திருக்கும்படி தார்ப்பாயைத் தளர்வாகப் போர்த்தினால் போதும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஷாஃப்ட்டைக் கையால் சில சுற்றுச் சுற்றிவிட்டால் பேரிங்கில் கிரீஸ் பரவும், சீலும் ஒட்டிக்கொள்ளாது.

மறுபடி இறக்கும் முன் மெக்கர் அளவை மீண்டும் எடுத்து, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவு பிரேக்கரின் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது உடனே விழுகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறியிருந்தால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். குஞ்சு விடுவதற்கு முன்பே அதைக் கண்டு, மின்சாரத்தை மறுபடி துண்டித்த பிறகே கம்பிகளை மாற்றிக்கொள்ளுங்கள்.