இதயப் பரிசோதனைக்குப் பிரசவ விவரங்களையும் எடுத்துச் செல்லுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் ஐம்பதைத் தொட்ட பெண்கள் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி இரத்த அழுத்தமும் இனிப்பு நீரும் (நீரிழிவு) பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் மூத்த பிள்ளையைச் சுமந்தபோது இரத்த அழுத்தம் ஏறி வார்டில் கிடந்ததை மருத்துவரிடம் சொல்வதில்லை. அவர் கேட்காமல் போனாலும் நீங்களே சொல்ல வேண்டும்.

முதலில், கர்ப்ப காலத்தில் தந்த பிங்க் புத்தகத்தைத் தேடுங்கள். தோட்டத்து லய வீட்டை விட்டு மாறியபோது தொலைந்திருந்தால், அம்மாவையோ அக்காவையோ விசாரித்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 20 வாரத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90-ஐ எட்டி, சிறுநீரில் புரதமும் கண்டதா என்பதே முதல் வரி. பிரிஎக்லாம்ப்சியா எனப்படும் இந்நோய் இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பாதிக்கிறது. பிள்ளை பிறந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று பாட்டிமார் சொல்வது பாதி உண்மைதான். அழுத்தம் இறங்கினாலும், பிற்காலத்தில் இதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ 2 மடங்காக இருக்கிறது.

கர்ப்பத்தில் இனிப்பு நீர் வந்திருந்தால், பிரசவித்து ஆறு வாரத்தில் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும். பத்தியம் முடியும் தறுவாயில் வருவதால் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். தவறியிருந்தால் இப்போதாவது செய்துகொண்டு, ஆண்டுதோறும் தொடருங்கள். 37 வாரத்துக்கு முன் நடந்த பிரசவத்தையும் அடுத்தடுத்த கருச்சிதைவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாதவிடாய் எந்த வயதில் நின்றது என்பதும் தேவை. 40-க்கு முன் நிற்பது இதய நோய் அபாயத்தைக் கூட்டும் காரணம் என்று 2018-இல் வெளிவந்த அமெரிக்கக் கொழுப்புச் சிகிச்சை வழிகாட்டி குறிப்பிடுகிறது. "கருப்பையை எடுத்தாச்சு" என்பதோடு நம் பெண்கள் நிறுத்திவிடுகிறார்கள். சினைப்பைகளையும் எடுத்தார்களா என்பதே இங்கு முக்கியம், ஏனெனில் மாதவிடாய் நிற்கும்போது குறைகிற பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் அவற்றில்தான் சுரக்கிறது.

தாளைக் கொடுத்து, அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதையும் தெரிவியுங்கள்.

மூச்சுத் திணறல், தாடை அல்லது முதுகு வலி, குமட்டல், குளிர்ந்த வியர்வை ஆகியவை திடீரென வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம்; வாய்வு என்று ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திராமல் 999-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸில் வருபவரிடம் கொடுக்க அந்தத் தாளின் நகல் ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.