பையனுக்குத் தங்கத்தைக் கடைசியில் கொடுங்கள்

திருநெல்வேலி டவுனில், ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் நாற்பத்தாறு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். "ஆசாரி, பையனை உங்களிடம் விடுகிறேன், ஆறு மாதத்தில் மோதிரம் செய்யப் பழக்கிவிடுங்கள்" என்று இன்னும் எப்போதாவது யாராவது வருகிறார்கள். ஆறு மாதத்தில் அவனுக்கு ஒழுங்காக ஊத வந்தாலே பெரிது. நான் பழக்கும் வரிசை இது. பட்டறையில் பையனை உட்காரவைக்க நினைப்பவர்களுக்கு உதவும்.

முதலில் பெருக்கக் கொடுங்கள். என் தாய்மாமாவிடம் நான் சேர்ந்தபோது மூன்று மாதம் துடைப்பம்தான். அவமானமாக இருந்தது. தங்கம் எங்கெல்லாம் போய் ஒளியும் என்பது அதில்தான் பிடிபடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. வாசலை நோக்கிப் பெருக்கக் கூடாது. வாசலிலிருந்து உள்ளே, ஆசாரி உட்காரும் பலகையை நோக்கிப் பெருக்க வேண்டும். கை கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் பானையில் ஊற்றித் தெளியவைக்க வேண்டும். எழுந்திருக்கும்போது மடித்துணியை உதறுவதும் பலகையின் மேல்தான். பெருக்கிய குப்பையைத் தகர டப்பாவில் சேர்த்து, தீபாவளிக்கு முன்பு எரித்து, இடித்து, அலசினால் பையனுக்குத் துணி எடுக்கும் அளவுக்காவது பொன் கிடைக்கும்.

அடுத்தது மூச்சு. கேஸ் வந்துவிட்டதே என்பார்கள். பெரிய வேலைக்கு நானும் கேஸ்தான் பிடிக்கிறேன். ஆனால் மூக்குத்தித் திருகாணியைப் பற்றவைக்க, விளக்குச் சுடரை வாயால் ஊதித் திருப்பும் ஊதுகுழலுக்கு ஈடு கிடையாது. தம்ளர் தண்ணீரில் ஒரு குழாயை விட்டு, குமிழி அறுபடாமல் ஊதச் சொல்லுங்கள். கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதைக் கன்னத்தாலேயே தள்ளிக்கொண்டு, அந்த நேரத்தில் மூக்கால் மூச்சு இழுக்க வேண்டும். நாதஸ்வரக்காரர் செய்வதும் இதுதான். முதல் வாரம் காது வலிக்கும், தண்ணீர் மூக்கில் ஏறும். பத்து நிமிடம் குமிழி நிற்காமல் வந்த பிறகு விளக்குச் சுடரைக் காட்டுங்கள்.

பிறகு செம்பு, அதன் பிறகு வெள்ளி. செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். பையன் தப்பு செய்தாலும் பொறுத்துக்கொள்ளும். வெள்ளி 962 டிகிரியிலேயே உருகிவிடும். அதோடு, ஓரிடத்தில் காட்டிய சூட்டை உருப்படி முழுக்கப் பரப்பிவிடும். சுத்தத் தங்கம் உருகுவது 1064 டிகிரியில். செம்பும் வெள்ளியும் கலந்த 22 காரட் அதற்கு முன்பே இளகும். வெள்ளியில் பத்து வளையம் உருக்கிக் கெடுத்தவன்தான் தங்கத்தில் பயந்து ஊதுவான்.

பற்றவைப்பதை நிதானமாகச் சொல்லிக்கொடுங்கள். இரண்டு முனையும் முடி நுழையாமல் பொருந்த வேண்டும். பொடி, அதாவது முனைகளை ஒட்டவைக்க உருக்கும் உலோகத்துண்டு, ஓட்டையை அடைக்காது. வெண்காரத்தை (போராக்ஸ்) கல்லில் தண்ணீர் விட்டு உரைத்துப் பூசி, பொடியை எள்ளில் பாதியாக வெட்டி வைக்கவேண்டும். எடுத்த எடுப்பில் ஊதினால் வெண்காரம் பொங்கிப் பொடியைத் தள்ளிவிடும். முதலில் சுடரைத் தூரத்தில் ஆட்டி ஈரத்தை வாங்குங்கள். பிறகு சூட்டைப் பொடிக்குக் காட்டாமல் உருப்படிக்குக் காட்டுங்கள். பொடி சூடான பக்கம்தான் ஓடும். சாந்து நிறம், பிறகு செவ்வரளி நிறம், அதன் பிறகு கண்ணாடி போல ஒரு மின்னல். அந்த மின்னலில் ஊதுவதை நிறுத்த வேண்டும். வெயில் விழும் இடத்தில் இந்த நிறம் தெரியாது. அதனால்தான் பட்டறை இருட்டாக இருக்கிறது, கஞ்சத்தனத்தால் அல்ல.

கேட்மியம் கலந்த பொடியைப் பையன் கையில் கொடுக்காதீர்கள். அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சுலபமாக ஓடுகிறது என்று சில வருடம் நானும் ஊதினேன். இன்றும் மாடி ஏறினால் இளைக்கிறது.

கிராமத்திலிருந்து யாராவது பாட்டி காதில் போட்டிருந்த பாம்படத்தை உருக்கக் கொண்டுவந்தால், உருக்கும் முன் ஒரு நாள் பையனிடம் கொடுத்துவையுங்கள். மெல்லிய தகடு, உள்ளே அரக்கு. உருண்டையும் கட்டமும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன, பற்றவைத்த இடம் எங்கே என்று அவனாகவே தேடட்டும். என்னிடம் இப்போது இருக்கும் பையன் ஒரு மத்தியானம் முழுக்கத் தேடி இரண்டு இடம்தான் கண்டுபிடித்தான். எனக்கும் நான்குதான் தெரிந்தது.

தங்கம் கொடுக்கும் நாளில் காலையிலும் மாலையிலும் அவன் கண்ணெதிரே எடை போடுங்கள். போன மாதம் அவனுக்கு இரண்டு கிராம் கொடுத்து, அவன் தங்கைக்கு ஒரு ஜோடி வளையம் செய்யச் சொன்னேன். மாலையில் வளையம், அரப்பொடி, வெட்டுத்துண்டு எல்லாம் தட்டில் வைத்தால் நாற்பது மில்லிகிராம் குறைந்தது. அவன் முகம் செத்துவிட்டது. நான் ஒன்றும் பேசாமல் துடைப்பத்தை நீட்டினேன். வாசலிலிருந்து உள்ளே பெருக்கிக்கொண்டு வந்தவன், தன் கால்சட்டை மடிப்பை விரித்துப் பார்த்துச் சிரித்தான்.