13ஆம் தேதி முதல் காணாமல் போன பரிசோதனைகள்

காவேரிப்பட்டணத்தில் ஒரு சிறிய கிளினிக்கில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிறேன். சர்க்கரை நோயாளிகளில் யாருக்கு எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) பரிசோதனை பாக்கி என்று காட்ட எக்செல்லில் ஒரு டாஷ்போர்டு உண்டு. திடீரென்று பாதிப் பேருக்கு மேல் ‘பாக்கி’ என்றது. போன வாரம்தான் ரத்தம் கொடுத்துவிட்டுப் போன பாட்டியும் அதில் இருந்தார்.

ஃபார்முலாவை மாற்றி எழுதினேன், பயனில்லை. பெயரில் எழுத்துப்பிழையோ என்று இரண்டு நாள் தேடினேன்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது. தேதிப் பத்தியில் சில தேதிகள் வலப்பக்கம், சில இடப்பக்கம் ஒட்டி நின்றன. இடப்பக்கம் நின்றவை எல்லாம் 13ஆம் தேதி முதல் 31 வரை. புதுக் கம்ப்யூட்டரில் அமெரிக்க முறை, மாதம்தான் முதலில். 13ஆவது மாதம் இல்லாததால் எக்செல் அவற்றைத் தேதியாக அல்லாமல் வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டது; அதனால்தான் ‘பாக்கி’ என்றது. மற்றவை இன்னும் ஆபத்து: 09/02 என்பது பிப்ரவரி 9 அல்ல, செப்டம்பர் 2 ஆகிவிட்டது. ஏழு மாதமாகப் பரிசோதிக்காதவர் இப்போதுதான் செய்தவர்போலத் தெரிவார்.

விண்டோஸில் ரீஜனை இந்தியா என மாற்றினேன். பழைய ஷீட்டைத் திருத்தாமல், லேப் அனுப்பிய மூல சிஎஸ்வி கோப்பையே மறுபடி ஏற்றி, தேதிப் பத்திக்கு ‘டிஎம்ஒய்’ (நாள், மாதம், ஆண்டு வரிசை) தேர்ந்தெடுத்தேன். சரியாகிவிட்டது, பெரிய நிம்மதி. உண்மையிலேயே பாக்கி இருந்தவர்களுக்கு அன்றே போன் போட்டோம்.