விடுமுறை வாடகை வீட்டில் இணையம் மெதுவாக இருந்தால்

விடுமுறைக்காகச் சில நாட்களுக்கு எடுத்த வாடகை வீட்டில் பெட்டிகளை இறக்கிவைத்து, சுவரில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்து, வைஃபையில் இணைந்த பிறகும் ஒரு சாதாரணப் பக்கம் திறக்க அரை நிமிடம் ஆகிறது என்றால், உடனே உரிமையாளரிடம் குறை சொல்லவும் வேண்டாம், ரவுட்டரின் இணைப்பைப் பிடுங்கவும் வேண்டாம். எது மெதுவாக இருக்கிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். உங்கள் கையிலுள்ள கருவிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான வைஃபை ஒன்று. ரவுட்டரிலிருந்து சேவை நிறுவனம் வரை செல்லும் வெளி இணைப்பு மற்றொன்று. இரண்டையும் நாம் 'நெட்' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவதால், ஒன்றில் உள்ள பழுதுக்கு மற்றொன்றில் மருந்து தேடிக்கொண்டிருப்போம். வைஃபையில் உள்ள குறையைப் பெரும்பாலும் நீங்களே பத்து நிமிடத்தில் தீர்த்துவிடலாம். வெளி இணைப்பில் உள்ள குறையை உரிமையாளரோ சேவை நிறுவனமோதான் தீர்க்க முடியும். அதுவரை இருக்கும் வேகத்தைச் சிக்கனமாகப் பங்கிட்டுக்கொள்வதே உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் அளந்து பாருங்கள்

ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று தேடி, அதிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி நின்றுகொள்ளுங்கள். கைப்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வைஃபை தடுமாறும் நேரத்தில் கைப்பேசி தானாகவே மொபைல் இணைப்புக்கு மாறி, தவறான எண்ணைக் காட்டிவிடும். இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் இயங்கினால் அதையும் நிறுத்திவிட்டு, உடன் வந்தவர்களிடம் இரண்டு நிமிடம் எதையும் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, ஸ்பீட்டெஸ்ட் செயலியிலோ நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் நடத்தும் ஃபாஸ்ட் டாட் காம் தளத்திலோ மூன்று முறை சோதியுங்கள். பதிவிறக்க வேகம், பதிவேற்ற வேகம், பிங் எனப்படும் தாமதம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் உண்மையில் உட்கார்ந்து வேலை செய்யப்போகும் அறைக்குச் சென்று, கதவைச் சாத்திக்கொண்டு, அதே சோதனையை மூன்று முறை செய்யுங்கள்.

ரவுட்டருக்கு அருகில் நல்ல வேகமும் அறையில் மோசமான வேகமும் வந்தால் குறை வைஃபையில்தான் இருக்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி குறைவாக வந்தால் வெளி இணைப்பின்மீது சந்தேகம் கொள்ளலாம். சந்தேகத்தை உறுதிசெய்ய மடிக்கணினியை லேன் கேபிளால் ரவுட்டரில் நேரடியாக இணைத்து ஒருமுறை சோதிப்பதே சிறந்தது, ஏனென்றால் கேபிளில் வரும் எண்ணில் வைஃபையின் பங்கு எதுவுமே இல்லை.

எண்களைப் படிக்கும்போது ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். வேகம் மெகாபிட்டில் சொல்லப்படுகிறது. கோப்புகளின் அளவோ மெகாபைட்டில் இருக்கிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், வினாடிக்கு 40 மெகாபிட் என்று வரும் இணைப்பில் வினாடிக்கு 5 மெகாபைட் மட்டுமே இறங்கும். அது குறைவான வேகமும் அல்ல. நெட்ஃபிளிக்ஸ் 1080பி தரத்துக்கு 5 மெகாபிட்டும் 4கே தரத்துக்கு 15 மெகாபிட்டும் போதும் என்கிறது. ஒரு தெளிவான காணொளி அழைப்புக்கு இரு திசையிலும் 4 மெகாபிட் இருந்தால் போதும். ஆகவே 20 மெகாபிட் நிலையாக வரும் வீட்டில் நான்கு பேர் சிரமமின்றி இருந்துவிடலாம். 'மெதுவாக இருக்கிறது' என்று சொல்வதற்கு முன், உங்களுக்குத் தேவையான அளவு எவ்வளவு என்பதையும் இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

குறை வைஃபையில் இருந்தால்

வாடகை வீடுகளில் ரவுட்டரை அழகுக்காக ஒளித்துவைப்பது வழக்கமாகிவிட்டது. நான் தங்கிய ஒரு வீட்டில் படுக்கையறையில் அழைப்புகள் அறுந்துகொண்டே இருந்தன. தேடிப் பார்த்தபோது, வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குக் கீழே உள்ள அலமாரியின் கதவுக்குள், ஒலிபெருக்கியின் உலோகப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே, ஆன்டெனாக்கள் மடக்கப்பட்ட நிலையில் ரவுட்டர் செருகப்பட்டிருந்தது. தொட்டுப் பார்த்தால் நன்றாகச் சூடேறியிருந்தது. உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, கேபிள் எட்டும் தூரம்வரை மட்டும் வெளியே எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்து, ஆன்டெனாக்களை நிமிர்த்திவிட்டோம். மாற்றிய தூரம் ஒரு கை நீளம்கூட இருக்காது. அன்று மாலையிலிருந்து கிளம்பும் நாள்வரை படுக்கையறையில் ஒரு அழைப்பும் அறுபடவில்லை.

உலோகம், கான்கிரீட் சுவர், பெரிய கண்ணாடி, தண்ணீர் நிறைந்த மீன்தொட்டி, குளிர்பதனப் பெட்டி ஆகியவை வைஃபை அலைகளைத் தடுப்பவை அல்லது உறிஞ்சுபவை. ரவுட்டரை நகர்த்த முடியாவிட்டால் நீங்கள் நகருங்கள். ரவுட்டருக்கும் உங்களுக்கும் நடுவே எத்தனை சுவர்கள் வருகின்றன என்று எண்ணிப் பார்த்து, அவற்றில் ஒன்றையாவது குறைக்கும் விதத்தில் மேசையை மாற்றிப் போடுவதே பல நேரங்களில் முழுத் தீர்வாக அமைந்துவிடும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தால் அலையின் வலிமை டிபிஎம் என்ற அளவில் தெரியும். மைனஸ் 50க்கு அருகில் இருந்தால் மிக நன்று. மைனஸ் 67 வரை காணொளி அழைப்புக்குப் பாதகமில்லை. மைனஸ் 80ஐத் தொட்டால் அந்த இடத்தில் வேலைக்கு உட்கார வேண்டாம். ஆப்பிள் மடிக்கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை குறியீட்டைச் சொடுக்கினால் இதே எண் கிடைக்கும்.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது அலைவரிசை. பெரும்பாலான ரவுட்டர்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. முதலாவது சுவர்களைத் தாண்டித் தொலைவு செல்லும், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே இருப்பதால் அக்கம்பக்கத்து வீடுகளின் ரவுட்டர்கள் எல்லாம் அந்த மூன்றிலேயே நெருக்கியடிக்கும். புளூடூத் கருவிகளும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பகுதியில்தான் இயங்குகின்றன. சாப்பாட்டைச் சூடாக்கும் நேரத்தில் மட்டும் அழைப்பு தடுமாறுகிறது என்றால் காரணம் அதுவே. 5 ஜிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டுவதில் பலவீனமானது, ஆனால் ஒரே அறையிலோ அடுத்த அறையிலோ இருப்பவருக்கு மிகுந்த வேகம் தரும். பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை, ஒன்றின் கடைசியில் '5ஜி' என்ற ஒட்டுடன் தெரிந்தால், ரவுட்டருக்கு அருகில் அதையும் தொலைவில் மற்றதையும் தேர்ந்தெடுங்கள். இந்த '5ஜி' மொபைல் சேவையின் 5ஜி அல்ல. அலைவரிசையின் பெயர் மட்டுமே.

பட்டியலில் 'இஎக்ஸ்டி' என்று முடியும் பெயர் ஒன்று இருந்தால் அது ரிப்பீட்டராக, அதாவது ரவுட்டரின் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவியாக இருக்கலாம். கைப்பேசியில் எல்லாக் கோடுகளும் நிறைந்து தெரிந்தும் வேகம் வராததற்கு இதுவே அடிக்கடி காரணமாகிறது, ஏனென்றால் அந்தக் கோடுகள் உங்களுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையிலான வலிமையை மட்டுமே காட்டுகின்றன. ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். முடிந்தால் மூல ரவுட்டரின் பெயரிலேயே இணையுங்கள்.

என் பயணப் பையில் எப்போதும் ஒரு ஐந்து மீட்டர் லேன் கேபிளும், லேன் துளை இல்லாத மடிக்கணினிக்கான யுஎஸ்பி அடாப்டரும் இருக்கும். சுருட்டினால் ஒரு காலுறையின் இடம்தான் பிடிக்கும். முக்கியமான கூட்டம் உள்ள நாளில் அதைவிட நம்பகமான துணை வேறு இல்லை.

குறை வெளி இணைப்பில் இருந்தால்

உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ரவுட்டரையும், வெளி இணைப்பை வாங்கி ரவுட்டருக்குத் தரும் மோடம் தனியாக இருந்தால் அதையும் அணைத்து, அரை நிமிடம் கழித்து முதலில் மோடத்தையும் அதன் விளக்குகள் நிலைத்தபின் ரவுட்டரையும் போடுங்கள். முழுமையாக எழுந்து இணைய ஐந்து நிமிடம்வரை ஆகலாம், அதற்குள் மீண்டும் அணைக்க வேண்டாம். ஃபைபர் இணைப்புப் பெட்டியில் 'எல்ஓஎஸ்' (LOS) எனக் குறிக்கப்பட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி இழையில் சமிக்ஞையே வரவில்லை என்று பொருள்; அங்கிருந்து நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரவுட்டரின் பின்புறத்தில் ஊசி நுழையும் அளவுக்குச் சிறிய துளை ஒன்று இருக்கும், அதற்கு ரீசெட் என்று பெயர். அதை அழுத்திப் பிடிப்பது அணைத்துப் போடுவதற்குச் சமம் அல்ல. வைஃபை பெயர், கடவுச்சொல் ஆகியவற்றோடு, பல இணைப்புகளில் சேவை நிறுவனத்தின் பயனர் விவரங்களும் அழிந்துபோகும். மெதுவாகவாவது வந்துகொண்டிருந்த இணையம் முழுவதுமாக நின்றுவிடும், தொலைவில் இருக்கும் உரிமையாளரால் அதை உடனே மீட்கவும் முடியாது. அந்தத் துளையைத் தொடவே தொடாதீர்கள்.

வேகம் எந்த நேரத்தில் குறைகிறது என்பதும் ஒரு தடயம். பகலில் நன்றாக இருந்து இரவு உணவு நேரத்தை ஒட்டி மட்டும் தேய்ந்தால், அந்தப் பகுதியில் எல்லோரும் ஒரே நேரத்தில் படம் பார்ப்பதால் வரும் நெரிசல் அது. பெரிய பதிவிறக்கங்களை விடியற்காலைக்குத் தள்ளிவையுங்கள். காலை, மாலை, நள்ளிரவு என எப்போது சோதித்தாலும் ஒரே சிறிய எண்ணில் அசையாமல் நின்றால், மாத டேட்டா வரம்பு தீர்ந்து சேவை நிறுவனம் வேகத்தைக் குறைத்திருக்கக் கூடும். இதை உரிமையாளர் தம் கணக்கில் பார்த்து உறுதிசெய்யலாம். பதிவிறக்கம் நன்றாக இருந்தும் பிங் 600 மில்லிவினாடியைச் சுற்றி வந்தால், பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோள் வழியாக அந்த வீட்டுக்கு இணையம் வருகிறது என்று ஊகிக்கலாம். கேள்வியும் பதிலும் அவ்வளவு தூரம் ஏறி இறங்க வேண்டியிருப்பதால் எந்த அமைப்பை மாற்றினாலும் அந்தத் தாமதம் குறையாது. படம் பார்க்கலாம், உரையாடலில் ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேச்சு விழுந்துகொண்டே இருக்கும்.

பலர் கவனிக்கத் தவறும் காரணம் பதிவேற்றம். பகல் முழுவதும் எடுத்த படங்களும் காணொளிகளும், அறைக்குத் திரும்பி வைஃபையில் இணைந்த நொடியில், எல்லோருடைய கைப்பேசியிலிருந்தும் கிளவுடுக்கு ஏறத் தொடங்குகின்றன. பதிவேற்ற வேகம் 2 மெகாபிட் மட்டுமே உள்ள வீட்டில் இது ஒன்றே வழியை அடைத்துவிடும். பதிவிறக்கம்கூட அப்போது தள்ளாடும், ஏனென்றால் 'கிடைத்தது' என்று நம் கருவி திருப்பிச் சொல்லும் சிறு பதில்களும் அதே நெரிசலில் காத்துக்கிடக்கின்றன. ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் கூடுதல் விவரத்தைத் திறந்தால், இணைப்பு சும்மா இருக்கும்போதும் சுமையோடு இருக்கும்போதும் உள்ள தாமதங்கள் தனித்தனியாகத் தெரியும். இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் இந்தக் குறைதான். கூகுள் ஃபோட்டோஸ், ஐகிளவுட், ஒன்டிரைவ் போன்றவற்றின் காப்புப் பதிவை எல்லோரும் நிறுத்திவைத்து, தூங்கப் போகும்முன் மீண்டும் தொடங்கிவிடுங்கள். ஐபோனில் அந்த வைஃபைக்கு 'லோ டேட்டா மோட்' என்பதையும் விண்டோஸில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதையும் இயக்கினால் பின்னணி வேலைகளில் பெரும்பகுதி தானாக அடங்கிவிடும்.

தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையின் முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றும்படி சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கிறது. சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ் தடுமாறும்போது பக்கங்கள் திறக்கத் தொடங்கும் நேரம் அதனால் குறையும். பதிவிறக்க வேகம் கூடாது. மாற்றுவதானால் உங்கள் கருவியில் மாற்றுங்கள், ரவுட்டரில் வேண்டாம்.

உரிமையாளருக்கு எழுதுவது

'நெட் வேலை செய்யவில்லை' என்ற ஒற்றை வரிக்கு 'அணைத்துப் போட்டுப் பாருங்கள்' என்ற பதில்தான் வரும். அளந்த எண்களோடு எழுதினால் அதையே அவர் சேவை நிறுவனத்திடம் புகாராகக் கொடுக்க முடியும். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்:

"வணக்கம். இன்று மாலை 6 மணிக்கு ரவுட்டருக்கு அருகில் மூன்று முறை சோதித்தோம். பதிவிறக்கம் 3, பதிவேற்றம் 1 மெகாபிட் வருகிறது. லேன் கேபிளில் இணைத்தாலும் அதே அளவுதான். ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டோம். விளக்குகள் பச்சையாகவே எரிகின்றன. நாளை காலை 10 மணிக்கு எனக்கு ஒரு கூட்டம் இருக்கிறது. சேவை நிறுவனத்திடம் கேட்டுச் சொல்ல முடியுமா?"

சோதனையின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து, முன்பதிவு செய்த தளத்தின் உள்ளேயே இதை அனுப்புங்கள். பிறகு கட்டணத்தைத் திரும்பக் கேட்க வேண்டிய நிலை வந்தால் தேதியோடு கூடிய பதிவு அங்கேயே இருக்கும். முதல் நாளிலேயே அனுப்பிவிடுவது முக்கியம்; கிளம்பும் நாளில் சொல்லும் குறைக்கு வலு இருக்காது.

காத்திருக்கும் நாட்களில்

கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் பெரும்பாலும் கைகொடுக்கும். கைப்பேசியை ஜன்னலோரம் வைத்து, மடிக்கணினியோடு யுஎஸ்பி கேபிளால் இணைத்தால் மின்னேற்றமும் தொடரும், நடுவே ஒரு வைஃபை தாவலும் குறையும். வீட்டின் எந்தப் பக்க ஜன்னலில் சிக்னல் நன்றாக இருக்கிறது என்பதை வேகச் சோதனையால் தேர்ந்தெடுங்கள். கூட்டத்தில் உங்கள் கேமராவை அணைத்தால் மட்டும் போதாது, மற்றவர்களின் படம் வருவதையும் நிறுத்தினால்தான் பதிவிறக்கச் சுமை குறையும். குரல் மட்டும் என்றால் 0.1 மெகாபிட்டே போதும். படங்களை 480பி தரத்தில் பாருங்கள், அல்லது இரவே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கூட்டத்தில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் மற்றவர்கள் கருவிகளைக் கீழே வைப்பது என்று குடும்பத்துக்குள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் சச்சரவும் இருக்காது.

அடுத்த முறை முன்பதிவு செய்வதற்கு முன் 'வைஃபை உண்டா' என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் 'உண்டு' என்றே சொல்வார்கள். மேசை போட்டிருக்கும் அறையில் நின்று மாலை நேரத்தில் எடுத்த வேகச் சோதனையின் ஸ்கிரீன்ஷாட்டை, பதிவேற்ற எண்ணும் தெரியும்படி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.